முந்நூற்று எண்பத்திரண்டு கிராம்

நான் ஆணையத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி நானூற்று ஐம்பத்தெட்டு ரூபாய் நாற்பது காசு. விசாரணை அறையில் அந்தத் தொகையை வாசித்தபோது என் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"மீதியையும் நீங்களே வெச்சுக்குங்க சார்" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும், யாரோ செத்த எலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டது போல அந்தத் தாளைப் பார்த்தார்கள். எடை அலுவலர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பணமா வாங்க விதி இல்லைங்க. குறைஞ்சது எடை. எடையாத்தான் திரும்ப வரணும்."

இதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் வேலை பார்த்தது பசும்பரப்புப் பேணுகை ஆணையத்தில். தலைமை அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியைப் பார்த்துக்கொள்வது ஆணையத்தின் வேலை. வேறு புல்வெளி எதுவும் ஆணையத்துக்குக் கிடையாது. நாலு மாடிக் கட்டடம், முந்நூற்றுப் பத்து ஊழியர், ஒரு புல்வெளி. அந்த முந்நூற்றுப் பத்தில் புல்லைத் தொடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவன் நான். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டு வண்டிகள் மட்டும் பன்னிரண்டு இருந்தன. ஆள் ஒன்று, வண்டி பன்னிரண்டு ஏன் என்று நான் கேட்டதில்லை. வாங்கினவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு ஓய்வுக்கு ஆறு வாரம் பாக்கி இருந்தது. மழை ஓய்ந்த நேரம். புல் முழங்காலைத் தொட்டது. ஒரு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. அடுத்ததும் 'டிக்'. பன்னிரண்டும் வரிசையாக அதையே சொல்லின.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரி முனை இரண்டிலும் உப்புப் பூத்திருந்தது. வெள்ளையும் நீலமுமாக, முனையே தெரியாத அளவுக்குக் குவியல். பெரிய நோயெல்லாம் இல்லை. அமில ஆவி கசியும், ஈரம் சேரும், பூக்கும். கவனிக்காமல் விட்டால் கம்பியைத் தின்றுவிடும்.

இதற்கென்று ஆணையத்தில் ஒரு படிவம் உண்டு. 'தொடக்கத் தயக்க அறிக்கை' என்று பெயர். மூன்று பிரதி எழுதிக் கொடுத்தால் பதினாலு வாரத்தில் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றி நடந்து பார்த்து, தயக்கம் உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பதினாலு வாரம் எனக்கு இல்லை. போகிற நேரத்தில் புல்லைக் காடாக விட்டுவிட்டுப் போக மனசும் வரவில்லை.

வீட்டில் சமையல் சோடா டப்பாவை எடுத்தேன்.

"அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் என் மனைவி.

"வண்டிக்கு நெஞ்செரிச்சல்."

"பன்னெண்டு பேருக்குமா? அப்ப எனக்குப் புது டப்பா வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு எரியறப்ப வேணும்ல."

கொட்டகைக் காவலாளி கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். நல்ல பையன். மதியத்துக்கு மேல்தான் கொட்டகைக்கு வருவான். காலையில் உள்ளே ஏதோ அறையில் உட்கார வேண்டியிருக்கிறது என்பான். நான் கேட்டுக்கொண்டதில்லை.

முதலில் கறுப்புக் கம்பியைக் கழற்றினேன், பிறகு சிவப்பு. பேட்டரி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சோடா உள்ளே போனால் பேட்டரி போச்சு. வெந்நீரில் கரைத்து முனைமேல் ஊற்றினால் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது, நல்ல தண்ணீரில் அலசுவது, துணியால் ஈரம் போகத் துடைப்பது. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு பிறகு. ஆட்டினால் அசையாத அளவுக்கு முறுக்கு. கடைசியாக மேலே வாசலின் கெட்டியாக ஒரு பூச்சு. அது இருந்தால் ஈரம் அண்டாது, திரும்பப் பூக்காது.

"இதெல்லாம் எதுக்கண்ணே பண்றீங்க? போகப் போற ஆளு" என்றான் காவலாளி. கெட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தான்.

"போற ஆளு பண்ணினாத்தான் உண்டு."

அவன் சிரிக்கவில்லை. எத்தனை வண்டி என்று மட்டும் கேட்டான்.

இரண்டு மதியத்தில் பன்னிரண்டையும் முடித்தேன். பிறகு ஒரு தப்புச் செய்தேன். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வண்டியும் சேர்ந்து உறுமியபோது மூன்றாவது மாடி ஜன்னல்கள் திறந்தன. என் பதினோரு வருஷ வேலையில் அவை திறந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. யாரும் கை காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

மறுநாள் காலை கொட்டகைக் கதவில் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

ஆணையத்தில் வருஷா வருஷம் எல்லாச் சொத்தையும் எடை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எதற்கு என்பது விசாரணையில்தான் தெரிந்தது. துணை இயக்குநர் எழுந்து நின்று சொன்னார். வெளுத்த, மெலிந்த மனிதர். இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றாமல் பேச வராது அவருக்கு.

"உலகத்துல எந்த இயந்திரமும் வாங்கின நாள்லேருந்து தேஞ்சுக்கிட்டே போகும். நம்ம இயந்திரங்க மட்டும் வளருது. பதினோரு வருஷமா வளருது. யாரோட நிர்வாகத்துல வளருதுன்னு நானே சொல்லிக்க விரும்பலை. ஆண்டறிக்கையில இருக்கு, மூணாம் பக்கம், என் படத்துக்குக் கீழ. முனை மலர்ச்சின்னு அதுக்குப் பேரு. பன்னெண்டு வண்டியிலயும் சேர்த்து முந்நூத்தி எண்பத்திரண்டு கிராம் மலர்ச்சி. அதை நீங்க சோடா போட்டு…" தண்ணீர் குடித்தார்.

வண்டியின் விலையை வண்டியின் எடையால் வகுத்து, கிராமுக்கு ஒரு ரூபாய் இருபது காசு என்று எடை அலுவலர் கண்டுபிடித்திருந்தார். அப்படித்தான் அந்தத் தொகை வந்தது.

"சார், அது உப்பு. வண்டியே கிளம்பலை" என்றேன்.

"கிளம்பறது வேற பிரிவு" என்றார் எடை அலுவலர்.

துணை இயக்குநர் வாசலின் டப்பாவைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "துடைச்சதைக்கூட விட்டுடலாம். இதை ஏன் தடவினீங்க?"

"இனிமே பூக்காம இருக்க சார்."

"அப்ப, இனிமே பூக்கும்னு நினைச்சீங்க."

"தடவலைன்னா பூக்கும் சார்."

"அதாவது நம்ம ஆணையத்துல நாளைக்கு ஒரு குறை வரும்னு நீங்க இன்னைக்கே முடிவு கட்டிட்டீங்க." எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. வதந்தி பரப்பியது. எத்தனை இடத்துல?"

"இருபத்துநாலு முனை" என்றார் எடை அலுவலர்.

"இருபத்துநாலு இடத்துல."

தீர்ப்பை வாசித்தார்கள். குறைந்த எடை, குறைந்த இடத்திலேயே, குறைந்த பொருளாகவே, இயற்கையாக மீண்டும் வளரும்வரை நான் தினமும் வந்து மீட்பு அறையில் உட்கார வேண்டும். பாக்கி உள்ளவர் ஓய்வு பெற்றவராகக் கருதப்படமாட்டார். சம்பளம் பெறுபவராகவும் கருதப்படமாட்டார். என் ஓய்வூதியம், இருபத்தெட்டாயிரம் சேமநிதி, எல்லாமே பாக்கியில்லாச் சான்று என்ற ஒரு காகிதத்தில் தொங்கியது. அந்தப் பணத்தை நம்பித்தான் மகள் வீட்டுப் பக்கத்தில் இரண்டு அறைக்கு முன்பணம் பேசி வைத்திருந்தோம். ஆணையக் குடியிருப்பை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லி ஏற்கனவே கடிதம் வந்துவிட்டது. ஓய்வு பெறுகிறவன் காலி செய்தாக வேண்டும். அந்தப் பிரிவுக்கு நான் ஓய்வு பெறுகிறவன்தான்.

மீட்பு அறை முதல் மாடியில் நடை முடிகிற இடத்தில் இருந்தது. ஏழு நாற்காலி, ஒரு ஜன்னல். எனக்குக் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது.

எதிரே ஒரு கிழவர், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஜன்னல் பக்கம் ஒரு அம்மா ரொட்டியைப் பொடித்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன பண்ணினே தம்பி?" என்றார் கிழவர்.

"பேட்டரி முனையைத் துடைச்சேன்."

"நான் கதவுக் கீல்ல துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டேன். மெயின் கேட்டு. நாலு பேர் சேர்ந்து தள்ளணும் அப்பல்லாம். நான் எண்ணெய் விட்டப்புறம் ஒத்தை விரல்ல திறந்துச்சு." ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "நூத்திப் பத்து கிராம் துரு. எனக்கு இப்ப எழுபத்தொண்ணு."

"இன்னுமா வளரலை?"

"வளரும். ஆனா மூணு வருஷத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிச்சுடறாங்களே. அது வேற பிரிவு."

அறையில் எல்லாரும் அவரைக் கீல்காரர் என்றார்கள். ஜன்னல் பக்கத்து அம்மாவுக்குச் சிலை அக்கா என்று பேர். துப்புரவு வேலை பார்த்தவள். முகப்பில் இருக்கும் நிறுவனர் சிலைமேல் பறவைகள் இருபது வருஷமாகப் போட்டு வைத்ததை ஒருநாள் தேய்த்துக் கழுவினாள். நாலு கிலோ குறைந்துவிட்டது. அன்றிலிருந்து தன் காசில் ரொட்டி வாங்கிப் பொடித்து ஜன்னல் வழியாகச் சிலைமேல் வீசுகிறாள்.

"வருதா அக்கா?"

"வருதுப்பா. தின்னுட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போயிடுது."

"செத்துப்போனா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். கேட்க நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

கீல்காரர் கைத்தடியால் மூலை நாற்காலியைக் காட்டினார். "அதுல ஒருத்தர் இருந்தாரு. குழாய் ரிப்பேர். இப்ப அவர் மகன் உட்கார்றான். நல்ல பையன். இன்னைக்கு அவனுக்குப் பொண்ணு பார்க்கப் போயிருக்காங்க."

ஒவ்வொரு வெள்ளியும் கொட்டகை முத்திரையை உடைத்து, பன்னிரண்டு வண்டியையும் எடை போட்டு, மறுபடி முத்திரை வைத்தார்கள். என்னை எட்டி நிற்கச் சொல்லி, எடை அலுவலர் உரக்க வாசிப்பார்.

"வளர்ச்சி, சைபர்."

இரண்டாவது வெள்ளியும் சைபர். மூன்றாவது வெள்ளியும் சைபர்.

"வாசலின் இருக்கு சார். அது இருக்கற வரைக்கும் பூக்காது" என்றேன்.

"அப்ப அதை எடுக்கணும்."

"எடுத்துடட்டுமா சார்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "எடுத்தா எடை குறையும். உங்க மேல இன்னொரு பாக்கி வரும்."

"சரி, தானா எப்ப போகும்?"

"நீங்கதானே தடவினீங்க? நல்லாத் தடவியிருக்கீங்களா?"

நல்லாத்தான் தடவியிருந்தேன். வாழ்க்கையில் அரைகுறையாக ஒரு வேலை செய்யத் தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் பிழைத்திருப்பேன்.

வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாயிற்று. என் மனைவி மூட்டைமேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

"பூக்கலையா இன்னும்?"

"இல்லை."

"பதினோரு வருஷம் உங்க தலையில ஒரு முடி நின்னதில்லை. உங்களை நம்பி உப்பு எங்க வளரும்?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஏங்க, அவங்க நிஜமாவே விடமாட்டாங்களா?"

"எழுபத்தொரு வயசுல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

நாலாவது வாரம் கீல்காரரிடம் கேட்டேன். "எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில யாரு இருந்தது?"

அவர் சிலை அக்காவைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க கொட்டகைக் காவலாளிதான்" என்றார். "டார்ச் லைட்டுல கசிஞ்சு போன பேட்டரி செல்லைத் தூக்கி எறிஞ்சான். ரெண்டு வருஷம் காலையெல்லாம் இங்கதான் இருந்தான். பாக்கி மாற்றம்னு ஒரு படிவம் இருக்கு தம்பி. வேற ஒருத்தர் எடை குறைச்சதைக் கண்ணால பார்த்து, தன் கையால பேரை எழுதிக் கொடுத்தா, எழுதினவர் பாக்கி தள்ளுபடி."

கெட்டிலைப் பிடித்துக்கொண்டு அவன் எத்தனை வண்டி என்று கேட்டது ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீங்க ஏன் எழுதலை?"

"எனக்குக் கைநாட்டு. கைநாட்டு செல்லாது, சொந்த எழுத்து வேணும்."

"அக்கா?"

"எனக்கு எழுதத் தெரியும்" என்றாள் சிலை அக்கா. ரொட்டித் தூளைக் கையிலிருந்து தட்டினாள். "பதினாறு வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன். இந்தக் கட்டடத்துல யாராவது எதையாவது சரி பண்ணிப் பார்த்தாத்தானே எழுத?"

மாதக் கடைசிக்கு முந்தின நாள் தலைமை ஆணையர் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். அவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் புல்வெட்டு வண்டியில் ஏறிப் பத்தடி ஓட்டுவார், படம் எடுப்பார்கள். அதற்கென்றே பதின்மூன்றாவது வண்டி ஒன்று முகப்புக் கூடத்தில் கண்ணாடி அறைக்குள் நின்றது. நான் அதைத் தொட்டதில்லை, என்னைத் தொட விட்டதுமில்லை. ஆணையத்திலேயே அதிகம் வளர்ந்த சொத்து அதுதான். பேட்டரிமேல் உப்பு, காலிஃபிளவர் அளவுக்குப் பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'தொடாதீர். வளர்கிறது.'

கண்ணாடியைத் திறந்து, வண்டியை ஆறு பேர் தூக்கிப் புல்வெளியில் வைத்தார்கள். புல் இடுப்பைத் தொட்டது. ஊழியர் எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக நின்றோம். மீட்பு அறைக்காரர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். பிறகு என்ன தோன்றியதோ, துணை இயக்குநர் என்னை மட்டும் வண்டிப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றார்.

தலைமை ஆணையர் வயசானவர். இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். சாவியைத் திருப்பினார்.

டிக்.

யாரோ கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

டிக்.

தலைமை ஆணையர் மெதுவாகத் தலையைத் திருப்பித் துணை இயக்குநரைப் பார்த்தார். முந்தின துணை இயக்குநரைக் கடைசியாகப் பார்த்தது இதே மாதிரி பார்வையிட வந்த ஒரு நாளில்தான் என்று பின்னால் கீல்காரர் சொன்னார்.

துணை இயக்குநர் என் பக்கம் சாய்ந்தார். உதடு அசையாமல் கேட்டார். "என்னப்பா பண்ணணும்?"

"துடைக்கணும் சார்."

"நீ தொடக் கூடாது."

"நான் தொடலை சார்."

அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. செருப்பு வாரைச் சரி செய்கிறவர் மாதிரி இருக்கைக்கு அடியில் குனிந்தார்.

"எங்கே?"

"ரெண்டு பக்கமும் சார். கைக்குட்டையால அழுத்தித் தேய்ங்க. கட்டியா வந்துடும்."

வந்தது. அந்தக் காலிஃபிளவர் பாதியாக உடைந்து அவர் கைக்குட்டையில் விழுந்தது.

"இப்ப அந்தக் கம்பி வளையத்தைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் ரெண்டு திருகு திருகுங்க."

திருகினார். விரல் எரிந்திருக்கும், அது அமில உப்பு. பல்லைக் கடித்துக்கொண்டார். கைக்குட்டையைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். தலைமை ஆணையர் சாவியைத் திருப்பினார்.

வண்டி கிளம்பியது.

முந்நூறு பேரும் கை தட்டினார்கள். வண்டி இடுப்பளவு புல்லுக்குள் பத்தடி போய் நின்றது. நான் துணை இயக்குநரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த வெளுத்த முகம் முழுக்க ரத்தம் ஏறியிருந்தது.

"ஓடுதுப்பா" என்றார். "நான் தொட்டேன், ஓடுது!"

முதல் தடவை சைக்கிள் ஓட்டுகிற பையன் திரும்பிப் பார்ப்பானே, அந்த மாதிரி இருந்தது அவர் முகம். மதியத்துக்குள் அவர் கால்சட்டைப் பையில் ஓட்டை விழுந்துவிட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள், மாதக் கடைசி. பதின்மூன்றாவது வண்டியைக் கண்ணாடிக்குள் திரும்ப வைக்குமுன் எடை போட்டார்கள். நாற்பத்தொரு கிராம் குறைந்தது.

எடை அலுவலர் மீட்பு அறைக்கே வந்தார். "வண்டிப் பக்கத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். "அதனால முந்நூத்தி எண்பத்திரண்டோட நாற்பத்தொண்ணு. நானூத்தி இருபத்து மூணு. இல்லை, வேற யாராவது பண்ணி நீங்க பார்த்திருந்தா…" ஒரு படிவத்தை என் மடியில் வைத்தார். "சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம். அஞ்சு மணிக்கு இந்த மாசப் பதிவேட்டை மூடிடுவோம்."

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைப்பதற்குள் துணை இயக்குநர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

அவர் அறையில் அவர் மட்டும் இருந்தார். விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் மீட்பு அறைக்கு வெளியே என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"உங்களுக்கு நாளைக்கு ஓய்வு. எனக்குத் தெரியும்" என்றார். "உங்களை நிறுத்தி வைக்கறது எனக்குப் பிடிக்கலை. அந்தப் படிவத்துல ஒரு பேரு எழுதுங்க. அந்தச் சிலைக்காரம்மா பேரை எழுதுங்க."

"அவங்க கடைசி வரிசையில நின்னாங்க சார்."

"அதனால என்ன? நாலு கிலோ பாக்கியோட நாற்பத்தொரு கிராம். அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?" மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினார். "நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒருத்தருக்கும் நான் கெடுதல் பண்ணினதில்லை. ஏற்கனவே கெட்டுப் போனவங்க மேலதான் எதையும் ஏத்துவேன். அதுதான் என் நிர்வாகம்."

நடையில் வந்து, சுவரோரமாக நின்று படிவத்தைச் சுவரில் வைத்தேன். எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். மகளின் பழைய நோட்டில் பழகினேன். கூலிச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று தெரியாமலேயே கைநாட்டு வைத்து ஏமாந்து ஏமாந்து, இனி ஒருத்தன் என்னை ஏமாற்றக் கூடாது என்றுதான் பழகினேன். பேரையும் பதவியையும் எழுதும்போது ஒரு எழுத்தும் பிசகக் கூடாது என்று மெதுவாக எழுதினேன். அக்காவின் பேர் மூன்றே எழுத்து. சீக்கிரம் முடிந்திருக்கும். நான் எழுதியது நீளமான பேர், அதைவிட நீளமான பதவி.

எடை அலுவலர் வாங்கிப் படித்தார். கண் சிமிட்டவில்லை. "துணை இயக்குநர் மேலொப்பம் வேணும்" என்றார். "படிவத்துல அப்படித்தான் இருக்கு. வாங்க."

மறுபடி அந்த அறை. மணி நாலே முக்கால். அவர் படிவத்தை வாங்கி ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொருமுறை படித்தார். எடை அலுவலர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டியபடி நின்றார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

"எழுத்து நல்லா இருக்கு" என்றார் துணை இயக்குநர். "எப்ப கத்துக்கிட்டீங்க?"

"நாற்பத்தாறு வயசுல சார்."

"கத்துக்காம இருந்திருக்கலாம்."

கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். மேலொப்பம் என்று போட்டிருந்த கட்டம் காலியாக இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிளாஸ்திரி ஒட்டிய விரலால் பேனாவை வாங்கி, கட்டத்துக்கு வெளியே போகாமல் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"நான்தான் அதை ஓட வெச்சேன்" என்றார் எடை அலுவலரிடம்.

"அது வேற பிரிவுங்க" என்றார் எடை அலுவலர். "கொஞ்சம் என்கூட வாங்க."

அவர் எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, பின்னாலேயே போனார்.

கீழே பதிவேட்டுப் பிரிவில் ஒரு பெண் என் பக்கத்தைத் திறந்தாள். நானூற்று ஐம்பத்தெட்டு ரூபாய் நாற்பது காசு என்ற இடத்தில் அடிகோல் வைத்துச் சிவப்பில் ஒரு கோடு இழுத்தாள். 'தள்ளுபடி' என்று முத்திரை குத்தினாள். சான்றை நீட்டினாள். மணி ஐந்தாக இரண்டு நிமிஷம் இருந்தது.

என் மனைவி குடியிருப்பு வாசலில் மூட்டைகளோடு நின்றாள். சான்றை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"கொடுத்துட்டாங்களா! எப்படிங்க?"

"ஒருத்தர் பேரை எழுதிக் கொடுத்தேன்."

"யாரு?"

சொன்னேன்.

"அந்த ஆளா! நல்லா வேணும்" என்றாள். "உங்களை அப்படி ஆட்டி வெச்சான்ல. என்ன தப்புப் பண்ணினான்?"

வண்டிக்காரன் மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்திருந்தான். நான் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு வண்டியை ரிப்பேர் பண்ணினாரு" என்றேன்.